வெற்று வீட்டில் முதலில் எதை வாங்குவது?

கேள்வி: முதல் வேலை கிடைத்து, தாம்பரத்தில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டுக்குத் தனியாகக் குடிவந்திருக்கிறேன். முன்பணம் போக 20,000 ரூபாய்தான் மிச்சம். வீட்டில் மின்விசிறிகூட இல்லை. எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முதல் மாதம் காற்று, உறக்கம், சமையல் ஆகிய மூன்றுக்கு மட்டும் செலவிடுங்கள், சோபாவும் கட்டிலும் காத்திருக்கட்டும். மின்விசிறியில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. என்னும் புதுவகை மோட்டார் கொண்ட விசிறி 30 வாட் அளவிலேயே ஓடிவிடுவதால், கூடுதலாகக் கொடுத்த விலை மின்கட்டணத்தில் மெல்லத் திரும்பிவிடும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லவும் முடியும்.

படுக்கைக்குக் கோரைப்பாய், அதன்மேல் ஒரு பவானி ஜமுக்காளம், இலவம்பஞ்சுத் தலையணை போதும். ஊரிலிருந்து அம்மாவோ தோழியரோ வந்தால் அதே ஜமுக்காளத்தைக் கூடத்தில் விரித்துவிடலாம். எவர்சில்வர் பாத்திரங்களை எடைக்கு விற்கும் கடைகளில் வாங்குங்கள். குக்கர் மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதியதாக இருக்கட்டும்.

குளிர்சாதனப் பெட்டியைப் பழையதாக வாங்க நேர்ந்தால், கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். மர அலமாரியானால் பின்பலகையையும் கால்களின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவுங்கள். மாவுபோல் தூள் ஒட்டினால் மரத்தைப் பூச்சி அரிக்கிறது என்று பொருள்; எவ்வளவு மலிவானாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சுவரில் ஆணி அடிக்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.