எக்ஸ்டசி, ஐஸ் என்ற போதைப்பொருட்கள் எல்லாம் மூளையின் செரட்டோனினைக் கெடுக்குமா?

ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்கிறார்: "கூட்டாளிமார் வார இறுதியில் எக்ஸ்டசி போடுகிறார்கள். குறைந்த செரட்டோனின் தானாகத் திரும்பிவிடுமாம். உண்மையா?"

பாதி உண்மை, தம்பி. செரட்டோனின் என்பது மனநிலை, தூக்கம் போன்றவற்றுக்கு உதவும், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் இரசாயனம். நரம்பு நுனிகளில் சேர்ந்திருக்கும் செரட்டோனினை எக்ஸ்டசி ஒரே இரவில் கொட்ட வைக்கிறது. அந்த இருப்பு மெல்ல நிரம்பும், சரி. ஆனால் அளவு மிஞ்சினால் நுனிகளே கருகும் என்று விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியை நினைத்துக்கொள்ளுங்கள்: தூர் தப்பும், வாது போய்விடும். தேயிலை ஒழுங்காகத் துளிர்க்கும், நரம்பு அப்படியில்லை. 4 நாள் மட்டும் எக்ஸ்டசி மருந்து கொடுத்த குரங்குகளின் மூளையில், 7 ஆண்டு கழித்தும் பழைய அமைப்பு வரவில்லை என்று 1999இல் ஓர் ஆய்வு வெளியானது.

மனிதரில்? அதிகம் பாவித்தவர்களின் மூளைப் படங்களில் செரட்டோனினை மீள உறிஞ்சும் புரதம் குறைந்திருந்தது. நிறுத்தியவர்களிடம் ஓரளவு மீண்டது. ஞாபகக் குறைவு அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

ஐஸ் (மெதம்பெட்டமின்) முதலில் டோபமின் என்ற இன்னொரு மூளை இரசாயனத்தைத்தான் தாக்கும். செரட்டோனினையும் விட்டுவைக்காது.

அப்புறம், உடல் சூடேறினால் சேதம் கூடும். "நுவரெலியாக் குளிரில் ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கதவை அடைத்து ஆடும் மண்டபத்துக்குள் ஏது குளிர்?