பாம்பன் ஏற்றத்தில் திணறும் பெட்ரோல் ஜீப்

வணக்கம் ஐயா. தங்கள் சிஜே3பி ஜீப் சமதளத்தில் ஒழுங்காக ஓடி, பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைவதாகவும், வண்டியைச் சற்று நேரம் நிறுத்தி எடுத்தால் மீண்டும் சரியாவதாகவும் எழுதியிருந்தீர்கள். இது பெரும்பாலும் பெட்ரோல் போதிய அளவு வந்து சேராத கோளாறு என்பதால், எஞ்சினைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம்.

டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வரத்து குறையும். மூடியைச் சிறிது தளர்த்தி, அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். நம் கடற்கரையின் உப்புக்காற்றில் டேங்க்கின் உட்புறம் துருப்பிடிப்பதும் வழக்கமே. என் வண்டியின் பெட்ரோல் பம்பில் கசடு தங்கும் கிண்ணத்தைக் கழற்றியபோது, காப்பித்தூள் போன்ற துரு அடியில் விரற்கடை அளவுக்குப் படிந்திருந்தது.

இவை சரியாக இருந்தால், ஓட்டி நிறுத்தியவுடன் நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் இழுவை குறையும்; அப்படிப்பட்ட சக்கரம் தனியாகச் சுடும். எஞ்சின் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.