இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இந்தியாவில் தொழில்கள் வளர்ந்தனவா, வெள்ளைக்காரன் வளரவே விடவில்லையா?

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. கோவையில் ஒரு பஞ்சாலையில் பிட்டராக இருந்தேன். அந்த மில்லை மூடி, இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு எடை போட்ட அன்று, எங்கள் அப்பாரு காலத்து ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) ஒன்றில் படிந்திருந்த கிரீஸையும் பஞ்சுத் தூசியையும் கழிவுத் துணியால் துடைத்துப் பார்த்தேன். 'பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்' என்று இரும்பிலேயே வார்த்த எழுத்து. ஓல்டாம், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர். லங்காஷயர் துணியை நம் சந்தையை விட்டு விரட்டிய நூலை, லங்காஷயர் இயந்திரம்தான் நூற்றுக் கொடுத்திருக்கிறது.

வளர்ந்தன என்றுதான் சொல்வேன், ஆனால் அந்த எழுத்தையும் சேர்த்துக்கொண்டு.

முதலில் துணி. 1913-இல் பிரிட்டன் இந்தியாவுக்கு அனுப்பிய பருத்தித் துணி சுமார் 300 கோடி கெஜம். 1938-இல் அது 30 கோடிக்கும் கீழே. காந்தியின் அந்நியத் துணி பகிஷ்காரம் இதற்கு ஒரு காரணம். இன்னொன்று சுங்கவரி. அந்த வரி நம் மேல் உள்ள பிரியத்தில் போட்டது இல்லை. முதல் போர் முடிந்தபோது அரசின் கஜானா காலி, சுலபமாகக் காசு வரும் இடம் துறைமுகம். இறக்குமதித் துணிக்கு 1921-இல் 11 சதவீதம் வரி, 1931-இல் பிரிட்டிஷ் துணிக்கே 25 சதவீதம். நம் ஆலைத் துணி மேல் லங்காஷயர் முதலாளிகளுக்காகப் போட்டிருந்த மூன்றரை சதவீத உள்நாட்டு வரியை 1925 டிசம்பரில் நிறுத்தினார்கள். அதற்குள் ஜப்பான்காரன் மலிவுத் துணியோடு வந்து நின்றான். 1933-இல் அவன் துணிக்கு 75 சதவீதம் வரி போட்டார்கள். பதிலுக்கு அவன் நம் பஞ்சை வாங்க மாட்டேன் என்றான். ஆலைக்காரருக்கு நல்லது, பருத்தி விவசாயிக்கு அடி! கடைசியில் 1934-இல் இவ்வளவு பஞ்சு வாங்கினால் இவ்வளவு துணி என்று ஒப்பந்தம் போட்டுச் சமாளித்தார்கள்.

ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் எடுத்த கதையும் உண்டு. 1927-இல் ஒரு ரூபாய்க்கு பிரிட்டிஷ் காசில் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று மதிப்பைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு ஷில்லிங் நாலு பென்ஸே போதும் என்று பம்பாய்ப் பஞ்சு வியாபாரி புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் எவ்வளவோ வாதாடியும் கேட்கவில்லை. ரூபாய் மதிப்பு ஏறினால் வெளிநாட்டுச் சரக்கு இங்கே மலிவாகும். நம் சரக்கு திணறும்.

சரி, கோவைக்கு வருகிறேன். பம்பாய் ஆலைகள் வேலைநிறுத்தத்திலும் (1928-இல் மாதக்கணக்கில் நடந்தது) ஜப்பான் போட்டியிலும் தடுமாறிய காலத்தில்தான் எங்கள் பக்கம் மில் சங்கு ஊதும் சத்தம் அதிகமானது. 1929-க்குப் பின் வந்த பெருமந்தத்தில் பருத்தி, நிலக்கடலை எல்லாம் விலை விழுந்தன. நிலத்தில் போட்டாலும் வட்டிக்கு விட்டாலும் பணம் திரும்புமா என்று சந்தேகம் வந்தது. அதே சமயம் நீலகிரியில் பைக்காரா நீர்மின்சாரம் வந்துவிட்டது. பஞ்சு பக்கத்தில், கூலி மலிவு, கரண்ட் வீட்டு வாசலில். பணம் வைத்திருந்த விவசாயக் குடும்பங்கள் மில் பங்கு வாங்கின. ஊரே நொடிந்த காலத்தில் ஊருக்குள் மில்கள் முளைத்தது இப்படித்தான்.

சர்க்கரை இன்னும் வேகம். 1932-இல், வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி போட்டு நம் ஆலைகளைக் காக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முப்பத்திச் சொச்சம் இருந்த ஆலைகள் ஐந்தாறு வருடத்தில் 130-ஐத் தாண்டின. ஜாவா சர்க்கரை காணாமல் போனது.

தீப்பெட்டிதான் எனக்குப் பிடித்த கதை. 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோசுக்கு (144 பெட்டி) ஒன்றரை ரூபாய் வரி. ஸ்வீடன் கம்பெனி யோசித்தது, சுவருக்கு வெளியே நிற்பானேன், உள்ளேயே வந்துவிடுவோம் என்று விம்கோவைத் தொடங்கியது. சென்னையில் விம்கோ நகர் மெட்ரோவில் இறங்குகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! அதே சமயத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுவந்து ஆரம்பித்தார்கள். ஸ்வீடன்காரனிடம் இயந்திரம், இவர்களிடம் கை. சட்டத்தில் குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் கைவேலை. கைத்தொழில் ஜெயித்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். பெண்களும் குழந்தைகளும் வாங்கிய அற்பக் கூலியும் அந்த ஜெயிப்பில் இருக்கிறது.

இரும்பில் டாட்டா ஒருவர்தான் பெரிய ஆள். 1924-இல் அதுவும் மூழ்கப் பார்த்தது. தொராப்ஜி டாட்டா, மனைவியின் ஜூபிலி வைரம் உட்படச் சொந்தச் சொத்தை இம்பீரியல் வங்கியில் அடகு வைத்துக் காப்பாற்றினார். அதே வருடம்தான் எஃகுக்குப் பாதுகாப்பு வரியும் வந்தது.

ஆனால் இயந்திரம் செய்யும் தொழில்? அங்கேதான் ஆட்டம் நின்றது. போருக்குப் பின் ரயில் எஞ்சின் செய்வதாக பெனின்சுலர் லோகோமோட்டிவ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அரசிடமிருந்து ஆர்டர் வரவில்லை, சில வருடத்தில் கதை முடிந்தது. மில் நம்முடையது, முதலாளி நம்மவர், சந்தை நம் சந்தை. நூல் நூற்கும் கதிரான ஸ்பிண்டில் மட்டும் கப்பலில் வரவேண்டும். கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்தது 1937-இல்தான்.

1939-இல் மறுபடி போர் வந்ததும் ஓல்டாமிலிருந்து பாகம் வருவது நின்றுபோனதாம். தேய்ந்த பல்சக்கரத்தைச் சாக்கில் சுற்றி பீளமேட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போய், 'இதே மாதிரி ஒண்ணு வார்த்துக் குடுங்க' என்று கேட்டு நின்றதை அப்பாரு சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலில் வார்த்தது ஒரே ஷிப்டில் உடைந்துவிட்டதாம். மூன்றாவது நின்றது.