புதன் நீசமானால் படிப்பு வராதா?

மகன் பத்தாவது முடித்திருக்கிறான், அவன் ஜாதகத்தில் படிப்பு இல்லை என்கிறார் ஜோசியர், இதையெல்லாம் யாராவது விஞ்ஞான முறையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்திருக்கிறார்கள். அதுவும் நம் ஊர் ஜாதகக் கட்டத்தை வைத்தே.

எனக்கு இது வெறும் தகவல் இல்லை. பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். மஞ்சள் தடவிய நோட்டைப் புரட்டி, "புதன் மீனத்துல நீசம். இந்தப் பொண்ணுக்குக் கணக்கு ஏறாது" என்று ஜோசியர் சொன்ன அன்றோடு அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது. ஜோசியத்தில் புதன்தான் படிப்புக்கு உரிய கிரகம், நீசம் என்றால் அது பலம் இழந்து நிற்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு தக்காளி மண்டியில் 37 கூடை, கூடை 180 ரூபாய், பத்து பர்சென்ட் கமிஷன் போக எவ்வளவு என்றால், மண்டிக்காரர் கால்குலேட்டரை எடுப்பதற்குள் "ஆறு ரூபாய் குறைய ஆறாயிரம்" என்பாள்.

சரி, சோதனைக்கு வருகிறேன். வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும், மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர் உள்ளிட்ட சிலரும் சேர்ந்து 2008ல் மகாராஷ்டிராவில் நடத்தியது. நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகள், அறிவுத்திறன் குறைபாடுள்ள 100 பிள்ளைகள் என்று 200 பேரின் ஜாதகங்களைப் பெயர் இல்லாமல் கலந்தார்கள். ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 கட்டங்கள் அனுப்பி, எது எந்த வகை என்று கேட்டார்கள். 27 பேர் பதில் அனுப்பினார்கள். சராசரியாக நூற்றுக்கு 46 சரி. பூவா தலையா போட்டாலே 50 வரும். ஒரு ஜோதிட நிறுவனம் 200 கட்டங்களையும் வாங்கிப் பார்த்தது, 102 சரி. முடிவுகள் 2009ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தன. கெட்டிக்காரப் பிள்ளையா, குறைபாடுள்ள பிள்ளையா என்ற இவ்வளவு பெரிய வித்தியாசமே கட்டத்தில் தெரியவில்லை. உங்கள் மகன் முதல் குரூப் எடுக்கலாமா என்பது மட்டும் எப்படித் தெரியும்?

அப்புறம், "என் குணத்தை அப்படியே சொன்னாரே" என்பார்கள். 1948ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர், உன் குணம் இதுதான் என்று தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், பெரும்பாலும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. மாணவர்கள் அதற்குப் போட்ட மார்க், ஐந்துக்குச் சராசரி 4.26.

மகனின் பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டு கணக்கு வாத்தியாரைப் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று அவர் காட்டுவார். அக்கா விஷயத்தில் அப்பாவுக்கு அப்படிச் சொல்ல அன்றைக்கு ஒருத்தரும் இல்லை.