காட்டில் நீர்யானை, காண்டாமிருகம் இரண்டில் எதனிடம் அதிக எச்சரிக்கை தேவை?

தயங்காமல் சொல்வேன்: நீர்யானையிடம்.

சேலத்திலிருந்து பிள்ளைகளை மைசூர் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போகிறவர்கள் பலர், நீர்யானை சோம்பேறி, காண்டாமிருகம் முரடன் என்று முடிவுகட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். அங்கே நாம் பார்ப்பது பகல் நேரத்து நீர்யானையை மட்டும்தான். காட்டில் அது பொழுது சாய்ந்ததும் கரையேறி மேயத் தொடங்குகிறது. ஒரே இரவில் ஏறத்தாழ 40 கிலோ புல் தின்றுவிடும். பகலெல்லாம் தண்ணீரில் கிடப்பதற்குக் காரணம் அதன் தோல். வெயிலில் விரைவில் உலர்ந்து வெடித்துவிடும் தோல் அது. அதன் மேல் செந்நிறப் பசைநீர் ஒன்று சுரந்து வெயிலையும் கிருமிகளையும் தடுக்கிறது. பார்ப்பவர்கள் இரத்தம் வடிகிறது என்றே பதறிப்போவார்கள்.

தண்ணீர் இல்லாமல் அதற்குப் பிழைப்பில்லை. அதனால்தான் ஆற்றில் ஒரு பகுதியை வளைத்துக்கொண்ட ஆண் நீர்யானை, அதற்குள் வரும் எதையும் பொறுப்பதில்லை. அது வாயை அகலத் திறப்பது கொட்டாவி அன்று, மிரட்டல். உள்ளே இருக்கும் கோரைப்பல் அரை மீட்டர் வரை வளரும். மேட்டூர் அணையில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆப்பிரிக்க ஆறுகளில் அதே பிழைப்புக்காகச் சிறு மரத்தோணியில் போகிறவர்களுக்கு, அடியில் நீர்யானை மூழ்கியிருப்பது தெரியாது. ஒரு மூச்சுக்கு ஐந்து நிமிடம் வரை அது உள்ளேயே இருக்கும். மேய்ந்துவிட்டுத் திரும்பும் நீர்யானைக்கும் ஆற்றுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வது இன்னும் மோசம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவரும் அதை நம்மால் முந்த முடியாது.

காண்டாமிருகத்தின் குணம் வேறு. அதற்குக் கண்பார்வை மந்தம். மோப்பமும் செவியும் கூர்மை. அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவில் ஒன்றை ஜீப்பிலிருந்து பார்த்தேன். தலையை அசைக்கவே இல்லை. ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. மற்றொன்று பின்னாலிருந்த கோரைப்புல் பக்கமே நின்றது. சட்டென்று எதிர்ப்பட்டாலோ, குட்டியுடன் இருக்கும் தாயை நெருங்கினாலோதான் பெரும்பாலும் பாய்கிறது. நம் நாட்டு ஒற்றைக்கொம்பன் அப்போது கொம்பைவிடக் கீழ்த்தாடையின் கூரிய முன்பற்களையே அதிகம் பயன்படுத்தும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. அதைத் திடுக்கிட வைக்காமல், தள்ளி நின்று, அது விலகிப் போக வழி விடுவதுதான் நாம் செய்ய வேண்டியது. காண்டாமிருகத்திடமும் இந்தப் பக்குவம் பெரும்பாலும் பலிக்கும். தண்ணீரில் இருக்கும் நீர்யானையிடம் பலிக்காது. விலக வேண்டியது நாம்தான்.

உருவத்தை வைத்து இரண்டையும் உறவு என்று நினைக்க வேண்டாம். நீர்யானைக்கு நெருங்கிய சொந்தம் திமிங்கிலம்; காண்டாமிருகத்துக்குக் குதிரையும், பன்றி போன்ற உடலும் குட்டைத் துதிக்கை போன்ற மூக்கும் கொண்ட டேபிரும்.

ஆனால் எனக்கு அதிக வேதனை தருவது காண்டாமிருகத்தின் கதைதான். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் என்ற புரதத்தால் ஆன கொம்புக்காக அதைக் கொன்று குவித்திருக்கிறார்கள். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆணான சூடான், 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. காசிரங்காவில் நிலைமை தலைகீழ்: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிவின் விளிம்பில் இருந்த இனம், 2022 கணக்கெடுப்பில் 2,613. இந்தியாவிலேயே காண்டாமிருகத்தைக் காட்டில் பார்க்க வேண்டுமானால் அங்கே போங்கள். மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள். நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் திட்டமிடுங்கள்.