ஆர்சனிக் கலந்த கிணற்று நீர்: வைட்டமின் மாத்திரை காப்பாற்றுமா?

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. குடிக்க, மாட்டுக்கு, நெல்லுக்கு எல்லாவற்றுக்கும் இதே தண்ணீர்தான். சத்தான சாப்பாடு, வைட்டமின் மாத்திரை என்று சமாளிக்கலாமா?

பதில்: குடிக்கவும் சமைக்கவும் இந்த நீர் இனி வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு 10 மைக்ரோகிராம். உங்களுடையது எட்டு மடங்கு. காய்ச்சினால் நீர்தான் வற்றும், ஆர்சனிக் அப்படியே நிற்கும்.

தண்ணீரை மாற்றிய பிறகு சாப்பாடு நிச்சயம் கைகொடுக்கும். உடலுக்குள் போன ஆர்சனிக்கில் கல்லீரல் மெத்தில் தொகுதி என்ற சிறு வேதித் துண்டுகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுகிறது. இரண்டும் ஏறினால் சிறுநீரில் சுலபமாக வெளியேறும். ஒன்றோடு நின்றுவிட்டால் கெடுதல் அதிகம். மெத்திலைத் தருவது புரதத்திலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். அதை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க ஃபோலேட், பி12 என்ற இரண்டு பி வைட்டமின்கள் வேண்டும். வங்கதேசத்தில் ஃபோலேட் குறைவாக இருந்தவர்களுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) 12 வாரம் கொடுத்ததில் ரத்த ஆர்சனிக் குறைந்தது. குறைபாடே இல்லாதவருக்கு அந்த அளவு பலனை எதிர்பார்க்க முடியாது.

அதனால் பருப்பு, கீரை, முட்டை, பால், மீன் தவறாமல் இருக்கட்டும். கீரையை நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் ஃபோலேட் அந்த நீரோடு போய்விடும். சோற்றுக்கு நேர்மாறு: ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு சுத்தமான நீர் வைத்து, கஞ்சியை வடித்துவிடுங்கள். பி வைட்டமின் கொஞ்சம் போகும்தான், ஆர்சனிக்கும் கணிசமாகப் போகும்.

பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்கினால் ரத்தசோகை மறைந்து நரம்புச் சேதம் தெரியாமல் வளரும். மருத்துவரிடம் கேட்டே எடுங்கள். செலினியம் என்ற தாதுச்சத்து மாத்திரையைத் தானாகத் தொடவே வேண்டாம். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது.

மாட்டுக்கு லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை ஏற்கத்தக்கது, ஆகவே கொடுக்கலாம். பி வைட்டமின்களை மாட்டின் அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே தயாரித்துக்கொள்ளும். பி12-க்குக் கோபால்ட் மட்டும் தேவை, அது தாது உப்புக் கலவையில் இருக்கிறது.

பாசனத்துக்கான வரம்பு 100 மைக்ரோகிராம்தான் என்றாலும், நெல்லில் கவனம் வேண்டும். நீர் தேங்கிய மண்ணில் ஆர்சனிக் கரைந்து, நெல் வழக்கமாக உறிஞ்சும் சிலிக்கா என்ற தாது ஏறும் வழியிலேயே பயிருக்குள் ஏறும். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யுங்கள்: வயலில் புதைத்த துளையிட்ட குழாயில் நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. பாய்ச்சுங்கள், பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடாதீர்கள். மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருந்தால் வயலைக் காயவிடுவது அதைத் தானியத்தில் கூட்டும். மண் பரிசோதனையில் ஆர்சனிக், காட்மியம் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.