அறை தோட்டத்திலா, ஊருக்குள்ளா?

கேள்வி: குடியரசு தின விடுமுறையை ஒட்டி இரண்டு இரவு நாசிக் போகலாம் என்றிருக்கிறோம். நான், என் கணவர், 74 வயது மாமியார். ஒயின் தோட்டத்து ரிசார்ட்டிலேயே தங்க வேண்டும் என்று கணவருக்கு ஆசை. அங்கே ஓர் இரவுக்குக் கேட்கும் வாடகையில் நகருக்குள் இரண்டு இரவும் தங்கிவிடலாமே என்று எனக்கு. மாமியாருக்குத் திரியம்பகேஸ்வரர் தரிசனம்தான் முக்கியம். சுத்த சைவம். ‘திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறோம்’ என்று மட்டும் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். எங்கே அறை எடுப்பது?
– ஒரு வாசகி, முலுண்ட், மும்பை

பதில்: உங்கள் கணக்கில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது. சாயங்காலம் காரை யார் ஓட்டுவது? ஒயின் ருசி பார்க்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். ஆனால் ஐந்தாறு வகை பார்த்துவிட்டு, பிறகு சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் என்று ஆகும்போது அது சிறிய அளவு இல்லை. வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான். தோட்டங்கள் இருக்கும் கிராமத்துச் சாலையில் இருட்டிய பிறகு வாடகைக் காரை நம்பி நிற்கவும் முடியாது. தோட்டத்திலேயே தங்குவதில் இருக்கும் பெரிய வசதி இதுதான்: குடித்தவர் நடந்தே அறைக்குப் போய்விடலாம். நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால், வாடகையைப் பார்க்காமல் அங்கேயே தங்குங்கள் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

மூன்று பேர் என்பதால் என் பதில் வேறு. கங்காபூர் ரோடு பக்கம் நல்ல ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவும் தங்குங்கள். ஒயின் பார்க்கும் நாளுக்கு மட்டும் டிரைவரோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தையும் சேர்த்தாலும் ரிசார்ட் வாடகை அளவுக்கு வராது என்று நினைக்கிறேன். இரண்டு இடத்திலும் விலை கேட்டுக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஏன் கங்காபூர் ரோடு? நாசிக்கின் பெயர் பெற்ற தோட்டங்களில் சில நகரத்துக்கு மேற்கே, கங்காபூர் அணையை ஒட்டி இருக்கின்றன. 2000-ல் முதல் ஒயினை வெளியிட்ட சுலா அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே யார்க். திரியம்பகம் போகும் சாலையும் நகரத்தின் அதே மேற்குப் பக்கம்தான். பஞ்சவடியில் அறை எடுத்தால் கோதாவரியில் நீராடும் ராம்குண்டும் காலாராம் கோயிலும் பக்கம், வாடகையும் குறையும். ஆனால் சந்துகள் குறுகல், கார் நிறுத்தத் திண்டாட வேண்டும், தோட்டத்துக்குப் போக ஒவ்வொரு முறையும் ஊரையே கடக்க வேண்டும். ரயிலில் போவதாக இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். நாசிக் ரோடு ஸ்டேஷன் ஊருக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறது. ‘ஸ்டேஷனுக்குப் பக்கம்’ என்று ஹோட்டல் எடுத்தால் தோட்டமும் தூரம், கோயிலும் தூரம்.

சனி, ஞாயிறு இரவுகளில் தோட்டத்து ரிசார்ட்டுகள் எப்படி இருக்கும் என்பதையும் யோசியுங்கள். மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் நண்பர் கூட்டங்கள் வந்து இறங்கும், பாட்டு, ஆட்டம் எல்லாம் இருக்கும். அது அவர்களுக்கான இடம், தப்பு சொல்வதற்கில்லை. விடியற்காலையில் குளித்துக் கிளம்ப வேண்டிய 74 வயதுக்காரருக்கு அது சரிப்படாது. திரியம்பகத்தில் விடுமுறை நாள் வரிசை மணிக்கணக்கில் நீளும், அதனால் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறீர்களோ அவ்வளவு நல்லது. ஜனவரியில் நாசிக் இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. லிஃப்ட் இருக்கிறதா, காலை ஐந்து மணிக்கு வெந்நீர் வருமா என்று கேட்டுவிட்டு அறையை உறுதி செய்யுங்கள்.

அப்புறம், மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் இதுதான். சுற்றிக் காட்டுபவர் எஃகுத் தொட்டியையும் ஓக் பீப்பாயையும் காட்டி விளக்கும்போது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்நியர்கள் நடுவில் அங்கே தெரிந்துகொள்வதைவிட, வீட்டில் மகன் வாயால் கேட்பதுதான் அவருக்கு மரியாதை. ஆமாம், உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும். ‘நான் வரவில்லை, ஹோட்டலிலேயே இருக்கிறேன்’ என்றால் விட்டுவிடுங்கள். ஊருக்குள் தங்குவதால் அதற்கும் வழி இருக்கிறது. தோட்டத்து ரிசார்ட்டில் அவர் எங்கே போய் உட்காருவார்?

வந்தால் அவருக்கும் பார்க்க நிறைய இருக்கிறது. நாசிக்கில் திராட்சைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கொடியை வெட்டிவிடுகிறார்கள். அறுவடை முடிந்ததும் ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. பழம் தருவது இந்த இரண்டாவது கவாத்துதான். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை கொடியில் குலைகளைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் போயிருந்தால் பச்சை இலையைத்தான் பார்த்திருப்பீர்கள். யார்க்கில் அணைத் தண்ணீர் தெரிகிற மாதிரி உட்கார இடம் இருக்கிறது, அவரை அங்கே உட்கார வைக்கலாம்.

கணவரின் ஆசையையும் தள்ளிவிடாதீர்கள். பிப்ரவரியில் வார நாள் ஒன்றில் நீங்கள் இருவரும் மட்டும் இகத்புரி பக்கம் போய் வாருங்கள். முகனே அணைக்கரையில் இருக்கும் வலோனே தோட்டத்தில் சில அறைகளே உண்டு, கூட்டம் இருக்காது. முலுண்டிலிருந்து நாசிக் அளவுக்கு தூரமும் இல்லை, கசாரா மலைப்பாதை ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். வாடகைத் தளங்களில் ‘வைன்யார்டு ஸ்டே’ என்று போட்டிருக்கும் பங்களாக்களை எடுப்பதற்கு முன்பு, ஒயின் தயாரிக்கும் இடம் அதே வளாகத்தில் இருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள்.

தேதியில் ஒரு திருத்தம். ஜனவரி 26 மகாராஷ்டிரத்தில் டிரை டே, அன்றைக்கு ஒயின் ஊற்ற மாட்டார்கள். அந்த நாளைத் திரியம்பகத்துக்கு வைத்துக்கொண்டு, தோட்டத்துக்கு அதற்கு முந்தைய நாளையோ பிந்தைய நாளையோ ஒதுக்குங்கள். நீண்ட விடுமுறை என்பதால் அறையை இப்போதே பிடித்து வைப்பது நல்லது.